லென்ஸ்ட்ரானமி: வளைந்த ஒளியை வைத்துக் கரும்பொருளை எடை போடும் இலவச மென்பொருள் எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி வில்லை (லென்ஸ்) போல வளைப்பதே ஈர்ப்பு வில்லை. ஹப்பிள் எடுத்த அப்படியொரு படத்தை வைத்துக்கொண்டு, அந்த ஒளியை வளைத்த நிறை எவ்வளவு, எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிட நினைப்பவர், காசில்லாமல் கிடைக்கும் பைத்தான் தொகுப்புகளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது லென்ஸ்ட்ரானமிதான். ஆனால் 'இங்கே கரும்பொருள் (ஒளி வீசாமல், ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) திரள் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இது தானாகப் பதில் சொல்லும் என்று நம்பி இறக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். சில சமயம் ஏமாந்ததுகூடத் தெரியாது. எண்கள் அழகாக வரும், பிழை வரம்பு குறுகலாக இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அது எங்கெங்கே நடக்கிறது என்பதற்கே இந்த மதிப்பீட்டில் அதிக இடம்.

சூரிக்கின் ஈ.டி.எச் பல்கலைக்கழகத்தில் சைமன் பிரர் தொடங்கிய வேலை இது. அவரும் ஆடம் அமாராவும் எழுதிய அறிமுகக் கட்டுரை 2018இல் வெளிவந்தது. 2021இல் பலர் சேர்ந்து எழுதிய இரண்டாவது கட்டுரை வந்தபோது, ஒருவர் கைவேலையாக இருந்தது ஒரு குழுவின் கருவியாக மாறியிருந்தது. மூல நிரல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளந்த ஆய்வுகளிலும் கரும்பொருள் துகளின் இயல்பைத் தேடிய ஆய்வுகளிலும் பயன்பட்டுத் தேறிய நிரல். யாரோ ஒரு மாணவர் ஆய்வேட்டுக்காக எழுதிவிட்டுக் கைகழுவியது அல்ல.

எதை அளக்கிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நமக்கும் தொலைதூரக் குவேசாருக்கும் (பெருங்கருந்துளையைச் சுற்றிப் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையம்) நடுவே ஒரு விண்மீன் மண்டலம் ஏறக்குறைய நேர்கோட்டில் வந்தால் குவேசார் இரண்டாகவோ நான்காகவோ தெரியும். 1979இல் முதலில் பிடிபட்ட கியூ0957+561 இரட்டைக் குவேசாரில் இரு பிம்பங்களும் சுமார் 6 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) தள்ளி நிற்கின்றன. கரும்பொருள் வேலைக்கு நான்கு பிம்ப அமைப்புகளே மேல். பிம்பங்களுக்கு இடையிலான காலதாமதம் ஈர்ப்புத் தன்னழுத்தத்தை (potential) சார்ந்தது. பிம்பம் நிற்கும் இடம் அதன் முதல் வகைக்கெழுவைச் சார்ந்தது. பிரகாசமோ இரண்டாம் வகைக்கெழுவைச் சார்ந்தது. ஒவ்வொரு முறை வகையிடும்போதும் சின்னச் சின்ன மேடுகள் பெரிதாகத் தெரியும். அதனால்தான் பிம்பத்தின் இடத்தைச் சில மில்லி ஆர்க்செகண்ட் மட்டுமே நகர்த்தும் 1 கோடி சூரிய நிறைத் திரள், அதே பிம்பத்தின் பிரகாசத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாற்றிவிடுகிறது.

இவ்வளவு சிறிய திரள்களில் விண்மீன்கள் அனேகமாக இருக்காது. அவை ஒளிராது, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்தே தம்மைக் காட்டிக்கொள்ள முடியும். குளிர்ந்த கரும்பொருள் கோட்பாட்டின்படி இந்தக் குட்டித் திரள்கள் ஏராளமாக இருக்க வேண்டும். துகள் இலேசானதாக, 'வெதுவெதுப்பாக' இருந்தால் ஒரு குறிப்பிட்ட நிறைக்குக் கீழே அவை உருவாகவே முடியாது. எனவே திரள்களை எண்ணுவது துகளை எடை போடுவதற்குச் சமம். பிம்பங்களின் பிரகாச விகிதம் வழுவழுப்பான மாதிரி சொல்வதோடு பொருந்தாமல் போகும் முரணைத் திரள்களோடு தொடர்புபடுத்தலாம் என்று 1998இல் மாவ், ஷ்னைடர் இருவரும் சொன்னார்கள். 2002இல் தலாலும் கோச்சானெக்கும் 7 அமைப்புகளை வைத்து அதைப் புள்ளியியலாகச் செய்து காட்டினார்கள். பின்னால் உள்ள மூல மண்டலத்தின் ஒளி வளைந்து தெரியும் கீற்றின் (இனி 'வில்') வடிவிலேயே திரளைத் தேடும் இன்னொரு வழியில் சிமோனா வெகெட்டியின் குழு 2012இல் பி1938+666 அமைப்பில் சுமார் 19 கோடி சூரிய நிறையுள்ள ஒன்றைக் கண்டது.

இனி மென்பொருளுக்கு வருவோம்.

நிறுவுவது சுலபம். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, பிப் கட்டளையில் பெயரைக் கொடுத்தால் நம்பை, சைபை, ஆஸ்ட்ரோபை, நம்பா எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. சாதாரண மடிக்கணினி போதும். முதல் ஓட்டம் மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நம்பா அப்போதுதான் நிரல்களைத் தொகுக்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் வேகம் தெரியும். சிலர் மாட்டிக்கொள்வது 'ஃபாஸ்டெல்' என்ற கூடுதல் தொகுப்பில். அதற்கு ஃபோர்ட்ரான் தொகுப்பி வேண்டும், பல கணினிகளில் அது மக்கர் செய்யும். பழைய 'பி.இ.எம்.டி' வகை நிறை மாதிரிகளுக்கு மட்டும்தான் அது தேவை. அதே வேலையை 'இ.பி.எல்' என்ற மாதிரி சுத்தமாகச் செய்கிறது. அதை எடுத்துக்கொண்டால் ஃபாஸ்டெல் பக்கமே போக வேண்டியதில்லை.

நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பதிப்பு எண்ணைக் கோப்பில் எழுதிப் பூட்டி வைப்பது. இது இந்தத் தொகுப்பின் உண்மையான பலவீனம். பதிப்புக்குப் பதிப்பு அளபுருக்களின் (parameters) பெயர்கள் மாறுகின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய நோட்புக்குகள் 'எம்.சி.எம்.சி' (சாத்தியமான விடைகளைத் தற்செயலாக மாதிரியெடுக்கும் முறை) என்று அழைக்கும் இடத்தில், புதிய பதிப்புகள் 'எம்சீ' போன்ற மாதிரியெடுப்பியின் பெயரையே கேட்கின்றன. பின்னால் வரும் புள்ளிப் பரவலின் பிழைப்படத்தின் பெயரும் மாறியிருக்கிறது. பிழைச் செய்திகளும் உதவாது. மாதிரிப் பட்டியலில் மூன்று உறுப்புகளும் தொடக்க மதிப்புப் பட்டியலில் இரண்டும் கொடுத்தால், எது குறைகிறது என்று சொல்லாமல் உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு பைத்தான் பிழையைக் கக்கிவிட்டு நிற்கும். இத்தனை ஆண்டு ஓடிய மென்பொருளில் இது இன்னும் இப்படி இருப்பதை மன்னிக்க மனம் வரவில்லை.

படத்தைத் தயார் செய்வதில்தான் பாதி விதி முடிவாகிறது. எடுத்துக்காட்டாக ஆர்.எக்ஸ்.ஜே1131-1231 அமைப்பை எடுத்துக்கொள்வோம். வில்லை மண்டலம் 0.295 செந்நகர்விலும் (தொலைவைக் காட்டும் எண்) குவேசார் சுமார் 0.66இலும் உள்ளன. ஹப்பிளின் ஏ.சி.எஸ் கேமராவில் எடுத்த எஃப்814டபிள்யூ வடிகட்டிப் படம், விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளைச் சேர்த்து வைக்கும் மாஸ்ட் காப்பகத்தில் இலவசம். பிக்சல் அளவு 0.05 ஆர்க்செகண்ட். வில்லையைச் சுற்றி 6 முதல் 8 ஆர்க்செகண்ட் அகலத்துக்குச் சதுரமாக வெட்டினால் போதும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிக்சல் வருமாறு வெட்டினால் மையம் ஒரு பிக்சலின் நடுவே விழும். ஆயத்தொலைவுக் குழப்பம் குறையும்.

இங்கே தொகுப்புக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: படம், பின்னணி இரைச்சல், ஒளியேற்ற நேரம். இரைச்சலின் வர்க்கத்தோடு 'படம் வகுத்தல் நேரம்' என்பதைக் கூட்டித்தான் ஒவ்வொரு பிக்சலின் பிழையையும் அது கணக்கிடுகிறது. படம் நொடிக்கு இத்தனை எலெக்ட்ரான் என்ற அலகில் இருந்தால் நேரத்தை நொடியில் கொடுக்க வேண்டும். மொத்த எலெக்ட்ரான் எண்ணிக்கையில் இருந்தால் நேரம் 1. இரண்டையும் கலந்துவிட்டால் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. மாதிரிக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் குறைக்கப்பட்ட கை-வர்க்கம், 1க்கு அருகில் வராமல் 0.1 என்றோ 40 என்றோ வந்து நிற்கும்போதுதான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் உடனே மாதிரியைச் சந்தேகித்து அதில் கை வைப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி அலகுதான். பின்னணி இரைச்சலை வெட்டிய படத்தின் மூலையில் அளக்கக் கூடாது, அங்கே வில்லின் ஒளி கொஞ்சம் கலந்திருக்கும். முழுப் படத்தின் வெற்றுப் பகுதியில் அளந்து கொண்டுவர வேண்டும். இன்னொன்று: பல படங்களை டிரிசில் முறையில் சேர்த்தால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலும் தனி என்று வைத்துக் கணக்கிடும் இந்தத் தொகுப்பு அப்போது உண்மையைவிடக் குறைந்த இரைச்சலை நம்பிவிடும்.

திசையையும் கவனிக்க வேண்டும். வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம். தொகுப்போடு வரும் எளிய படம் உருவாக்கும் கருவியில், நாம் சொன்னாலொழிய, வலது ஏற்றம் (வானின் கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவு) வலப்பக்கமாகக் கூடும். பிக்சலைக் கோணமாக மாற்றும் அணியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் பொருத்தம் கச்சிதமாகவே வரும். பக்கத்து மண்டலம் இழுக்கும் திசை மட்டும் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி நிற்கும். வேறொரு தொலைநோக்கியின் படத்தோடு ஒப்பிடும்வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது புள்ளிப் பரவல். தொலைநோக்கி ஒரு புள்ளியை எப்படிப் பரப்பிக் காட்டுகிறது என்ற அந்தச் சிறிய படத்தில் தவறினால் மற்றதெல்லாம் வீண். குவேசார் பிம்பம், அருகில் வில்லாக வளைந்த ஒளிக்கீற்றைவிடப் பலமடங்கு பிரகாசம். அதன் ஓரத்தில் 2 விழுக்காடு தவறினாலே வில்லின் ஒளியை மூழ்கடித்துவிடும். அதே படத்திலிருந்து செறிவடையாத விண்மீன்கள் நாலைந்தை எடுத்து, மையங்களைப் பிக்சலுக்கும் கீழான துல்லியத்தில் ஒன்றாக்கி, இடைநிலை மதிப்பு எடுப்பது நல்ல தொடக்கம். பக்கத்துக்கு ஒற்றைப்படைப் பிக்சல் இருப்பது கட்டாயம்.

அதன் பிறகு இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த அம்சம் வருகிறது: நான்கு குவேசார் பிம்பங்களையே வைத்துப் புள்ளிப் பரவலைத் திருத்திக்கொள்ளும் சுழற்சி. மாதிரி காட்டும் ஒளிக்கீற்றையும் வில்லை மண்டலத்தையும் படத்திலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சும் நான்கு புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய பரவலோடு சிறு விகிதத்தில் கலக்கும். அந்த விகிதம் 0.2 அளவில் இருப்பது பாதுகாப்பு. 1 என்று வைத்துவிட்டால் இன்னும் சரியாகப் பொருந்தாத வில்லின் ஒளியைப் புள்ளிப் பரவல் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எச்சப் படம் (மாதிரியைக் கழித்தால் மிஞ்சுவது) துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருக்கும், மீட்டெடுத்த மூல மண்டலமோ நாசமாகியிருக்கும். எனவே ஒரு பொருத்தம், ஒரு திருத்தம், மறுபடி பொருத்தம் என்று மாறி மாறிப் போக வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு புள்ளிப் பரவல் படத்தைத் தனியாக மடக்கை அளவில் வரைந்து பாருங்கள். விண்மீனில் இருந்த கதிர்க்கோடுகள் அப்படியே இருந்து, வளைவாக ஏதாவது புதிதாக முளைத்திருந்தால், அது வில்தான்.

வழக்கமான மாதிரி இப்படி இருக்கும்: வில்லையின் நிறைக்கு நீள்வட்ட வடிவ இ.பி.எல், சுற்றுப்புற இழுப்புக்கு ஒரு 'ஷியர்', வில்லையின் ஒளிக்கு ஒன்றோ இரண்டோ செர்சிக் (மையத்திலிருந்து ஒளி மங்கும் விதத்தைச் சொல்லும் வாய்பாடு), மூல மண்டலத்துக்கு ஒரு செர்சிக்கும் ஷேப்லெட்டும் (சிறு நுணுக்கங்களைக் கூட்டிக் காட்டும் அடிப்படை வடிவங்கள்). ஒளியின் அளவை நாம் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியிலும் நேரியல் சமன்பாட்டைத் தீர்த்து அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. தேட வேண்டிய அளபுருக்களின் எண்ணிக்கை இதனால் பெரிதும் குறைகிறது. நான்கு பிம்ப அமைப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. நான்கு பிம்பங்களுக்கு 8 ஆயத்தொலைவு. அவற்றில் மூலத்தின் இடத்துக்கு 2 போனால் மீதி 6 கட்டுப்பாடு. 'புரொஃபைல் ஷியர்' என்ற தீர்ப்பியைத் தேர்ந்தால் ஐன்ஸ்டைன் ஆரம் (ஒளி வளையத்தின் ஆரம்), இரண்டு நீள்வட்டக் கூறுகள், மையத்தின் இரண்டு ஆயத்தொலைவுகள், ஷியரின் திசை ஆகிய ஆறையும் அதுவே தீர்த்துவிடும். பிம்பம் நிற்கும் இடத்தைத் தப்பாகக் காட்டும் மாதிரிகளில் நேரம் வீணாவதில்லை.

நீள்வட்டக் கூறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிற்றச்சு-பேரச்சு விகிதம் 0.8 என்றால் இங்கே நீள்மை 0.2 அல்ல. 1இலிருந்து விகிதத்தைக் கழித்து, 1ஐயும் விகிதத்தையும் கூட்டியதால் வகுக்க வேண்டும், 0.111 வரும். வேறு கட்டுரையிலிருந்து எண்ணைக் கொண்டுவந்து நேராக இடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

ஷேப்லெட்டில் ஆசை கூடாது. வரிசை 10 என்றால் 66 கெழுக்கள், 20 என்றால் 231. வரிசையைக் கூட்டக் கூட்டக் கை-வர்க்கம் இறங்கிக்கொண்டே போகும். அது நல்ல செய்தி ஆகாது. அடிப்படை அளவை, வரிசையோடு ஒன்றைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் வகுத்தால் அது காட்டக்கூடிய மிகச் சிறிய அமைப்பு கிடைக்கும். அடிப்படை அளவு 0.1 ஆர்க்செகண்ட், வரிசை 15 என்றால் அது 0.025. ஈர்ப்பு வில்லை மூலத்தை உருப்பெருக்கிக் காட்டுவதால் இந்த அளவு வரை ஓரளவு நியாயம் உண்டு. அதற்கும் கீழே போனால் இரைச்சலுக்குத்தான் சட்டை தைக்கிறோம். நமக்கு இன்னும் கவலை தருவது, ஷேப்லெட் மிகுந்தால் கரும்பொருள் திரள் வில்லில் ஏற்படுத்திய சிறு நெளிவையும் 'மூலமே அப்படித்தான்' என்று அது விழுங்கிவிடும் என்பது. செர்சிக்கில் தொடங்கி, வரிசையை 4, 8, 10 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பேய்சியத் தகவல் அளவையை (அளபுரு கூடுவதற்கும் அபராதம் போடும் பொருத்த அளவு) ஒப்பிட்டு, அது இறங்குவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

தேடலுக்கு, பல ஊக விடைகளை ஒரு கூட்டமாக அலையவிட்டுச் சிறந்ததைத் தேடும் துகள் கூட்ட முறை முதலில் (கரும்பொருள் துகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை). 200 துகள், 200 சுற்று என்று தொடங்கலாம். ஒரே தொடக்கத்தை நம்பக் கூடாது. வெவ்வேறு தொடக்க மதிப்புகளில் ஓட்டி ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, 'நடையர்கள்' பலரைச் சங்கிலியாக நடக்கவிட்டு விடைகளை மாதிரியெடுக்கும் எம்சீ. அளபுருக்களின் எண்ணிக்கையைப் போல 10 மடங்கு நடையர்கள் வழக்கம். சங்கிலி நிலைத்துவிட்டதா என்று தொகுப்பு உங்களுக்குச் சொல்லாது. சங்கிலியை வரைந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும். அரைகுறையாக ஓடிய சங்கிலியும், அளபுருக்களின் பரவலைக் காட்டும் அழகான மூலை வரைபடம் தரும்.

ஆர்.எக்ஸ்.ஜே1131இல் இன்னொரு பொறி உண்டு. முதன்மை மண்டலத்தை ஒட்டி ஒரு சிறிய துணை மண்டலம் படத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அதை மாதிரியில் சேர்க்காமல் விட்டால் அதன் ஈர்ப்பு எல்லாம் 'கரும்பொருள் திரள்' என்ற பெயரில் திரும்பி வரும். ஒரு எளிய 'எஸ்.ஐ.எஸ்' என்ற கோள வடிவ நிறையை அதன் இடத்தில் வைத்து, ஒளிக்கும் தனி செர்சிக் கொடுத்தால் தீர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வழுவழுப்பான நிறை. கரும்பொருள் கேள்வி இனிமேல்தான், தொகுப்பின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது.

ஒரு திரளைச் சேர்ப்பது ஒரு வரி வேலை: மாதிரிப் பட்டியலில் 'டி.என்.எஃப்.டபிள்யூ' (கரும்பொருள் திரளுக்கான நிறை மாதிரி) என்று ஒரு உறுப்பு கூட்டினால் போதும். ஆனால் அது கேட்பது நிறையை அல்ல. அளவு ஆரத்தையும் அந்த ஆரத்தில் ஒளி திரும்பும் கோணத்தையும் ஆர்க்செகண்டில் கேட்கும். சூரிய நிறையை நேராக இட்டால் வானமே உருக்குலைந்த படம் வரும். தொகுப்பிலேயே 'லென்ஸ் காஸ்மோ' என்ற மாற்றி இருக்கிறது. இரு செந்நகர்வுகள், நிறை, செறிவு கொடுத்தால் கோணங்களைத் தரும். நான்கு பிம்பத்துக்குக் காரணமான மண்டலத்தின் வளைய ஆரம் 1 ஆர்க்செகண்ட் அளவு. ஆரம் நிறையின் வர்க்கமூலத்தோடு போவதால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு நிறையைப் புள்ளியாகத் திரட்டினாலும் 0.01 ஆர்க்செகண்ட்தான். உண்மையான திரள் பரந்து கிடப்பதால் விளைவு அதற்கும் கீழே. ஹப்பிளின் 0.05 பிக்சலில் ஒரு தனித் திரளைப் பிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கும்.

அதனால்தான் ஒற்றைத் திரளை விட்டுவிட்டுக் கூட்டத்தை அளக்கிறார்கள். டேனியல் கில்மனின் 'பைஹாலோ' என்ற தனித் தொகுப்பு, ஒரு கரும்பொருள் கோட்பாட்டின்படி வில்லையின் உள்ளேயும் பார்வைக்கோடு நெடுகவும் திரள்களைத் தூவி, அதன் விளைவை லென்ஸ்ட்ரானமி புரிந்துகொள்ளும் பட்டியலாகவே தருகிறது. பார்வைக்கோட்டில் கிடப்பவற்றை விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பல அமைப்புகளில் அவற்றின் பங்கு வில்லையின் உள்ளே உள்ளவற்றுக்குக் குறைந்ததல்ல. பல தளங்களில் ஒளியைத் துரத்தும் வசதி லென்ஸ்ட்ரானமியில் உண்டு, செந்நகர்வுப் பட்டியலைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு தளமும் அடுத்ததைச் சார்ந்திருப்பதால் வேகம் சடாரென்று விழும். ஒவ்வொரு தூவலுக்கும் பெரிய நிறையை மறுபடி சரிசெய்து நான்கு பிம்பங்களையும் அவற்றின் இடத்தில் நிறுத்தி, பிரகாச விகிதத்தைக் கணக்கிட்டு, வானத்தில் அளந்ததோடு ஒப்பிட வேண்டும். ஒரு வில்லைக்கே லட்சக்கணக்கில் தூவல். மடிக்கணினிக்கு இங்கே ஓய்வு கொடுத்துவிட்டுக் கணினிக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலையில் செல்லாது. ஒரு வில்லையின் விகித முரணை வைத்து எதையும் சொல்ல முடியாது. பல வில்லைகளைச் சேர்த்தால்தான் விடை. 2020இல் கில்மனின் குழு, பெரும்பாலும் ஹப்பிளால் அளந்த 8 நான்கு-பிம்பக் குவேசார்களை இப்படி ஓட்டி, வெதுவெதுப்பான கரும்பொருள் துகளின் நிறை 5.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று வரம்பிட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 31 அமைப்புகளைப் பார்க்கும் திட்டத்தில் முதல் 9ஐ வைத்து 2024இல் வந்த முடிவு அதை 6.1ஆக உயர்த்தியது.

எந்த ஒளியை எடுக்கிறோம் என்பதும் இங்கே உயிர்நாடி. கண்ணுறு ஒளியில் தெரியும் குவேசாரின் வட்டு மிகவும் சிறியது; வில்லை மண்டலத்தின் தனி விண்மீன்களே அதன் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்துவிடும். அந்த எண்ணை வைத்துக் கரும்பொருளைத் தேடினால் விண்மீன்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். அதனால் குறுகிய உமிழ்கோடுகளின் ஒளி, ரேடியோ, அல்லது வெப்பின் மிரி கருவி பார்க்கும் நடு அகச்சிவப்பில் ஒளிரும் வெதுவெதுப்பான தூசி ஆகியவற்றையே எடுக்க வேண்டும். இந்த ஒளி கிளம்பும் பகுதி சில பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) முதல் பல பத்துப் பார்செக் வரை அகன்றது, விண்மீன்கள் அதை அசைக்காது. ஹப்பிளின் சாதாரணப் படத்தில் குவேசார் பிம்பங்களின் பிரகாசம் இடம் காண மட்டுமே. கரும்பொருள் கணக்கில் அந்த விகிதத்தை இடவே கூடாது.

இந்த மூல அளவுதான் தொகுப்பில் கவனிக்கப்படாத இன்னொரு கண்ணிவெடி. புள்ளி உருப்பெருக்கத்தைக் கேட்டால் உடனே தரும், பயன்படாது. அகன்ற மூலத்துக்கான உருப்பெருக்கச் செயல்பாடு தனியாக இருக்கிறது. இயல்பாக அது பிம்பத்தைச் சுற்றி 0.1 ஆர்க்செகண்ட் சாளரத்தை 100க்கு 100 கட்டங்களாகப் பிரிக்கிறது, அதாவது கட்டம் ஒன்றுக்கு 1 மில்லி ஆர்க்செகண்ட். செந்நகர்வு 2இல் 5 பார்செக் தூசி வளையம் சுமார் 0.6 மில்லி ஆர்க்செகண்ட்தான், கட்டம் போதாது. மாறாக 60 பார்செக் உமிழ்கோட்டுப் பகுதி 7 மில்லி ஆர்க்செகண்ட். அது பத்து மடங்கு நீண்டு வில்லாகும்போது சாளரத்துக்கு வெளியே வழிந்து, ஒளியின் ஒரு பகுதி எண்ணப்படாமல் போகும். சாளரத்தை மாற்றி, கட்டத்தை இரட்டிப்பாக்கி, விடை 1 விழுக்காட்டுக்குள் நிலைக்கும்வரை பார்த்துவிட்டே மேலே போக வேண்டும். அளவீட்டின் துல்லியமே சில விழுக்காடு என்னும்போது கணக்கீட்டுப் பிழைக்கு அங்கே இடமில்லை.

போலித் திரள்களின் பட்டியல் நீளம். மண்டலங்கள் கச்சிதமான நீள்வட்டம் அல்ல. சற்றே பெட்டி வடிவமாகவோ வட்டுத்தன்மையுடனோ இருக்கும். ஒரு விழுக்காடு அளவு இந்தக் கோணல் பிரகாச விகிதத்தைத் திரள் மாற்றுவது போலவே மாற்றும். மூன்றாம், நான்காம் வரிசைக் கோணல்களைச் சேர்த்த இ.பி.எல் மாதிரிகள் தொகுப்பில் உள்ளன. அவற்றைச் சுதந்திரமாக விட்டு ஒருமுறை ஓட்டாமல் திரள் என்று அறிவிக்கக் கூடாது. பி1555+375இல் பல ஆண்டுகளாக நின்ற முரணுக்கு, பக்கவாட்டில் தெரியும் விண்மீன் வட்டு ஒன்று காரணமாக முடியும் என்று பின்னர் காட்டினார்கள். நிறைத்தாள் இரட்டுறல் (சீரான நிறைத்தாள் ஒன்றைச் சேர்த்து மாதிரியைத் தக்கபடி மாற்றினாலும் படம் மாறாமல் இருப்பது) என்று இன்னொரு பூதம் உண்டு. அது பிரபஞ்ச விரிவு வேகக் கணக்கைக் கெடுக்கும், பிரகாச விகிதத்தைத் தொடாது. கரும்பொருள் ஆட்கள் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

மாற்றுகள்? மூலத்தைப் பிக்சல் பிக்சலாக மீட்டு, படிப்படியான தானியங்கி ஓட்டம் வேண்டும் என்பவருக்குப் பைஆட்டோலென்ஸ் பொருத்தம். நூற்றுக்கணக்கான வில்லைகளை ஒரே மாதிரி ஓட்ட அதுவே வசதி. மண்டலக் கொத்துகளுக்கு லென்ஸ்டூல் அல்லது கிளாஃபிக். வேகம்தான் தடை என்றால் இதே தொகுப்பை ஜாக்ஸ் நூலகத்தில் மறுபடி எழுதிய ஜாக்ஸ்ட்ரானமி இருக்கிறது. ரேடியோக் குறுக்கீட்டு அளவீடுகளுக்கு லென்ஸ்ட்ரானமியில் இருப்பது குறைந்தபட்ச வசதி. 2025இல் அதே பி1938+666 அமைப்பில் வெறும் 10 லட்சம் சூரிய நிறையுள்ள பொருளைக் கண்டறிந்த வேலை கண்டங்கள் கடந்த ரேடியோ வலையமைப்பின் தரவில் நடந்தது. அந்தத் தரவோடு இந்தத் தொகுப்பிடம் போக வேண்டாம்.

ஆவணங்கள் அளவில் நிறைய, ஒழுங்கில் சுமார். செயல்பாடுகளின் விவரக்குறிப்பைவிட நோட்புக்குத் தொகுப்பே நல்ல ஆசான். உங்கள் பதிப்புக்கு ஏற்றதுதானா என்று தேதி பார்த்து எடுங்கள். கிட்ஹப்பில் கேள்வி கேட்கும்போது குறைந்தபட்ச நிரலும் பதிப்பு எண்ணும் சேர்த்து அனுப்பினால்தான் வேலை நடக்கும்.

பைத்தானில் பட்டியலும் அகராதியும் கையாளத் தெரிந்த முதுகலை மாணவர் தாராளமாகத் தொடங்கலாம். அதற்குக் கீழே என்றால் முதலில் நம்பை. தொடங்குபவர்கள் உண்மைப் படத்தில் கை வைக்கும் முன் தொகுப்பின் படம் உருவாக்கும் பகுதியைக் கொண்டு ஹப்பிள் தரத்தில் மூன்று போலிப் படங்கள் செய்துகொள்ளுங்கள்: திரள் இல்லாதது, வளையத்தின் மேலேயே 1,000 கோடி சூரிய நிறைத் திரள் உள்ளது, அதே இடத்தில் 1 கோடி சூரிய நிறை உள்ளது. மூன்றையும் திரள் இல்லாத மாதிரியால் பொருத்துங்கள். இரண்டாவதில் எச்சப் படம் திரள் இருக்கும் இடத்தில் சிவப்பும் நீலமுமாகக் கத்தும். மூன்றாவதில் வெறும் இரைச்சல்தான் தெரியும். அதில் ஏதாவது தெரிகிறது என்று உங்கள் கண் சொன்னால், முதலாவது படத்தின் எச்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.